58-லேயே பென்ஷனா, 60 வரை பொறுப்பதா: 10டி போட்டு மாட்டிய இடங்கள்

பிஎஃப் பிடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கான இபிஎஸ் (ஊழியர் பென்ஷன் திட்டம்) பென்ஷனுக்கு 10டி என்ற விண்ணப்பம் போட்டிருந்தேன். ஆர்டர் போன வாரம் கைக்கு வந்தது. இரண்டு ரிஜெக்ட், பிஎஃப் ஆபீசுக்கு மூன்று நடை. ஓசூரில் சில வருடம், பொம்மசந்திராவில் மீதி வருடம் என்று சர்வீஸ் பிரிந்து கிடப்பவர்கள் பெங்களூரில் நிறைய. அவர்கள் 56 வயதிலேயே இதைப் படித்துவிட்டால் நல்லது.

முதலில் எப்போது தொடங்குவது என்ற கணக்கு. 58-க்குப் பிறகு ஒரு முழு வருடம் தள்ளினால் 4 சதவீதம் கூடும், 60 வரை தள்ளலாம். 58-ல் மாதம் 5,000 வருமானால் 59-ல் 5,200. அந்த ஒரு வருடத்தில் வாங்காமல் விட்டது 60,000 ரூபாய். மாதம் 200 வீதம் அதை எடுக்க 300 மாதம், அதாவது வயது 84 ஆக வேண்டும். இபிஎஸ்ஸில் பஞ்சப்படி கிடையாது. ஆகவே கையில் இன்று வரும் 5,000-க்குத்தான் மதிப்பு. என் முடிவு 58. முன்கூட்டியே 50-லிருந்தும் வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அது ஆயுசுக்கும் தொடரும். பிஎஃப் பிடிக்கும் வேலையில் இருந்துகொண்டு அப்படி வாங்க முடியாது.

58 முடிந்தவருக்கு அந்தத் தடை இல்லை. வேலையை விடாமலே பென்ஷன் வாங்கலாம். கம்பெனி எச்ஆரில் “ரிசைன் பண்ணினால்தான் 10டி” என்று அடித்துச் சொன்னார்கள். அது தவறு. பென்ஷன் திட்டத்திலிருந்து வெளியேறிய தேதியை மட்டும் அவர்கள் பதிந்தால் போதும், பிஎஃப் கணக்கு பாட்டுக்கு ஓடும்.

முதல் ரிஜெக்ட் இங்கேதான் வந்தது. தள்ளி வாங்கப் போவதில்லை என்றால், 58 முடிந்ததும் கம்பெனி பங்கில் பென்ஷனுக்குப் போகும் 8.33 சதவீதமும் (அதிகபட்சம் 1,250) பிஎஃப் கணக்குக்குத் திரும்ப வேண்டும். சம்பளப் பிரிவில் யாரும் கவனிக்கவில்லை. ஏழு மாதம் பென்ஷன் கணக்கிலேயே கட்டிவிட்டார்கள். அதைத் திருத்தும் வரை ஃபைல் நகரவே இல்லை. பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரிஜெக்ட் இனிஷியலால். நம் ஆட்களுக்கென்றே உள்ள தொல்லை இது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பிஎஃப்பில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. ஜாயின்ட் டிக்ளரேஷன் (நாமும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த விண்ணப்பம்) போட்டு ஆதாரில் உள்ளபடியே மாற்றினால்தான் தீரும். மனைவி பெயரையும் அப்படியே ஒத்துப் பாருங்கள், குடும்ப பென்ஷன் அதை வைத்துத்தான் வரும்.

பழைய ஓசூர் கம்பெனியின் பிஎஃப் நம்பரில் வெளியேறிய தேதியே இல்லை. அந்தத் தேதி ஏறிய பிறகுதான் சர்வீஸை இங்கே மாற்ற முடிந்தது. மாற்றியதும் பாஸ்புக்கில் பென்ஷன் பகுதியில் 0 என்று காட்டும், பதற வேண்டாம். பணம் பொது நிதியில் இருக்கிறது, உங்களோடு வருவது வருடக் கணக்குதான். சம்பளம் இல்லாத நாட்கள் அதில் கழியும், அதையும் சரிபாருங்கள். வேலை மாறியபோது 10சி என்ற படிவம் போட்டு பென்ஷன் பங்கைப் பணமாக எடுத்திருந்தால் அந்த வருடங்கள் போனதுதான். மொத்தம் 10 வருடம் தேறாவிட்டால் பென்ஷனே இல்லை என்பதால், பணமாக எடுக்காமல், சர்வீஸ் வருடங்களைக் காப்பாற்றி வைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்குங்கள் என்று சின்னப் பசங்களிடம் சொல்லி வையுங்கள்.

கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “ஆன்லைன்ல போடுங்க” என்றார், மூன்று தடவையும். கடைசியில் ரிஜெக்ட் வாசகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இபிஎஃப்ஐஜிஎம்எஸ் என்ற பிஎஃப் புகார் தளத்தில் புகார் போட்ட பிறகே ஒழுங்கான பதில் வந்தது. ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி நடக்கும் குறைதீர் முகாமுக்கும் போகலாம்.

58 முடிந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு அரியர்ஸும் சேர்ந்தே வந்துவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து எந்த பேங்க், எந்த கிளையிலும் வாங்கலாம் என்பதால் பிற்பாடு ஊருக்கே போய்விட்டாலும் அலைச்சல் இல்லை. ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் உயிர்வாழ் சான்று) மட்டும் கொடுத்த தேதியிலிருந்து 12 மாதம்தான் செல்லும். நவம்பர் வரட்டும் என்று இருந்துவிடாமல் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.