நெப்பி எத்தனை வாங்குவது? முதலில் எந்த மாதம் என்று சொல்லுங்கள்

மகளுக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. இப்போதுதான் எனக்கு இரண்டு கையும் ஒரே நேரத்தில் கிடைத்திருக்கிறது, அதுவும் அத்தை (என் மாமியார்) தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிற இந்த அரை மணித்தியாலத்துக்கு மட்டும். போன வாரம் பண்டாரவளையில் இருக்கிற சித்தி மகள் போன் பண்ணி, "அக்கா, பிள்ளைக்கு என்னென்ன வாங்கணும், மொத்தம் எவ்வளவு முடியும், ஒரு லிஸ்ட் அனுப்புங்களேன்" என்றாள். என்னிடம்தான் கொப்பி இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தேன். பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில், ஏழாம் மாதத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனையால் கோடு போட்டு எழுதிய கணக்கு. மொத்தம் 68,000 ரூபா. அதில் பாதி தேவையே படாத சாமான். தேவைப்பட்டதில் பாதி அந்தக் கணக்கிலேயே இல்லை.

அந்த லிஸ்ட்டை எங்கே பிடித்தேன் என்றால், கொஞ்சம் யூடியூப், கொஞ்சம் கொழும்பு புறக்கோட்டையில் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற கடையில் ஆட்கள் சொன்னது. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அது வெயில் அடிக்கிற ஊருக்கான லிஸ்ட். நாங்கள் இருப்பது மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே. டவுனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், அதில் கடைசி இரண்டு தேயிலைத் தோட்டத்து ரோடு, அதற்கு அப்புறம் படி. மகள் பிறந்ததோ ஜூன் மாதம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மே கடைசியில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும், பெய்யாத நேரத்தில் மூடுபனி இருக்கும்.

நெப்பி, அதாவது பிள்ளைக்குக் கட்டுகிற துணி, இரண்டு டசின் போதும் என்று எழுதியிருந்தேன். கடை நெப்பி ஒன்று 180 ரூபா, 24 நெப்பி 4,320 ரூபா. சின்னப் பிள்ளை ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது நனைக்கும், சரி, காலையில் துவைத்தால் பின்னேரம் காய்ந்துவிடும், ஒன்பது மேலதிகமாகவே இருக்கும் என்று கணக்கு. ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு நெப்பி காய மூன்று நாள் எடுத்தது. பதினைந்தை மூன்றால் பெருக்கினால் நாற்பத்தைந்து. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இந்தப் பெருக்கல் பிள்ளை பிறந்து நாலாம் நாள்தான் விளங்கியது.

அத்தை அடுப்புக்கு மேலே இரண்டு கயிறு கட்டினார். விறகு அடுப்புச் சூட்டில் காய்ந்தது, காயவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளையைத் தூக்கி முகர்ந்து பார்த்தால் கருவாட்டுக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை. பிறகு அரை ஈரத்தில் அயன் பண்ணினோம், அந்த மாதத்துக் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு அதையும் குறைத்தோம். கடைசியில் வீட்டுக்காரர் புறக்கோட்டையில் யார்டு கணக்கில் வெள்ளைத் துணி வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட, பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மெஷின் வைத்திருக்கிற அக்கா ஓரம் அடித்துக் கொடுத்தார். ஒன்று 110 ரூபாவுக்குள் முடிந்தது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்.

"பேம்பர்ஸ் போட்டால் பிரச்சினையே இல்லையே" என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். போடலாம்தான். ஒன்று 80 ரூபா என்று வையுங்கள், ஒரு நாளைக்குப் பத்து, 800 ரூபா. என் அம்மா மலையில் முழு நாள் கொழுந்து எடுத்தால் அப்போது கிடைத்த பேர் (நாள் சம்பளம்) 1,350 ரூபா. அதில் 800ஐ பிள்ளை மூத்திரம் பெய்து தூக்கிப் போடுவது என்றால் எனக்கு மனசு வரவில்லை, அதோடு லயத்தில் அதைக் கொட்ட ஒழுங்கான இடமும் கிடையாது, வடிகானில்தான் வந்து அடைக்கும். அதனால் இரவுக்கு ஒன்று மட்டும், மாதம் 2,400 ரூபா. அந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். தூக்கம் கெட்ட அம்மாவுக்குப் பால் சுரப்பதும் கஷ்டம், கோபம் மட்டும் நன்றாகச் சுரக்கும்.

இனி லிஸ்ட்டில் இல்லாத பெரிய செலவு, ரோடு. ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஒரு சதமும் கேட்க மாட்டார்கள், கிளினிக்கில் இரும்புச்சத்து, கல்சியம் குளிசை இலவசம், திரிபோஷா சத்துமா இலவசம் (சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் வீட்டில் மற்றவர்கள் தின்று முடிப்பார்கள்), பிறந்தவுடன் போடுகிற பி.சி.ஜி. ஊசியிலிருந்து எல்லாத் தடுப்பூசியும் இலவசம். அதை எல்லாம் கேட்டுவிட்டு நான் போக்குவரத்துக்கு 3,000 ரூபா என்று எழுதியிருந்தேன்.

நடந்தது இது. இரவு இரண்டேகாலுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. 1990க்கு போன் பண்ணினால் வருகிற அம்புலன்ஸ் இலவசம், நம்பர் எல்லாருக்கும் தெரியும், ஆனால் எங்கள் லயத்தில் போன் சிக்னல் அம்மன் கோயில் மேட்டில் ஏறி நின்றால்தான் வரும், அந்த மழையில் யார் ஏறுவது. கீழ் லயத்து ஓட்டோத் தம்பியிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான், பக்கத்து ஆஸ்பத்திரி வரைக்கும் 2,500. அங்கே பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். என்னை அவர்களுடைய அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது, அத்தை பின்னால் அதே ஓட்டோவில், 5,000. சிசேரியன், நாலு நாள். ஒவ்வொரு நாளும் வீட்டு ஆட்கள் வந்து போகிற பஸ், சாப்பாடு என்று 1,200. துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று தையல் போட்ட வயிற்றோடு பஸ்ஸிலும் ஏற முடியாது, நானுஓயாப் பனியில் பிள்ளையை ஓட்டோவில் கொண்டுவரவும் முடியாது, வேன் 9,000. கூட்டினால் 21,300 ரூபா. சுகப்பிரசவம் என்றால் இதில் பாதியும் ஆகாது, ஆனால் எது என்று அன்றைக்குத்தானே தெரியும்.

அம்மா சீட்டு எடுத்த காசு இல்லாவிட்டால் என்ன பண்ணியிருப்போமோ தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்மா இரண்டு தோட்டம் தள்ளி இருக்கிறார், வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க முடியாது என்பதால்தான் முதல் பிரசவத்துக்கும் நான் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். அந்தக் குறை அவருக்கு. அதனால் பிள்ளைக்கு மோதிரமாவது போடவேண்டும் என்று ஒரு வருஷமாகச் சீட்டு கட்டி, மே மாதம் 25,000 ரூபா எடுத்தார். பவுன் விற்கிற விலையில் அந்தக் காசுக்கு நகம் அளவு மோதிரம்தான் வரும், அதுவும் மூன்று மாதத்தில் விரலுக்கு இறுகிவிடும். "மோதிரம் வேணாம்மா, காசாகக் கொடுங்க" என்று கேட்டேன். அம்மா முகம் சுருங்கிவிட்டது. ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார், பிறகு அவரே அந்தக் காசை வாங்கி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அரிசிக்குள் புதைத்து வைத்தார். பன்னீர்க்குடம் உடைந்த இரவு ஓட்டோ வந்து நின்றபோது அந்த டின்னைத்தான் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார், அரிசி ஒட்டியபடியே.

அந்த டின் மாதிரி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கவேண்டும். சாமானைப் பிறகும் வாங்கலாம், இரவு இரண்டு மணிக்குக் கையில் இருக்கவேண்டியது காசு.

வாங்கத் தேவையில்லாதது என்றால் முதலில் சவர்க்காரம், கொலோன், பவுடர். பிள்ளை பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு பேபி செரமி பெட்டியோடுதான் வருவார்கள். எனக்குப் பதினொன்று வந்தது, இரண்டைப் பிரிக்காமலே அடுத்த பிள்ளை பார்க்கப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் சொல்வதில்லை. நெருங்கினவர்கள் "என்ன கொண்டுவர?" என்று கேட்டால் வெட்கப்படாமல் நெப்பித் துணி, கம்பளித் தொப்பி, காலுறை என்று சொல்லுங்கள்.

பால் மா டின், போத்தல், போத்தல் அவிக்கிற சாமான், மூன்றும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், வைத்தியக் காரணம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் வேறு பாலுக்கு இடமும் இல்லை. அந்தக் காசை அம்மாவின் சாப்பாட்டில் போடுங்கள். பூண்டு, நல்லெண்ணெய், முட்டை, சுறாக் கருவாடு, கிடைத்தால் ஒரு நாட்டுக்கோழி. எனக்கு ஒரு மாதத்தில் போன பூண்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சுடுதண்ணியும் செலவுதான். பிள்ளைக்குக் குளிக்க, எனக்குக் குளிக்க, குடிக்க, துணி அலச. இரண்டு மாதம் ஓடிய கேஸ் சிலிண்டர் ஐந்து கிழமையில் முடிந்தது. மழைக்கு முன்பே விறகு வெட்டிக் காயவைத்து அடுக்கிவிடுங்கள். நல்ல ப்ளாஸ்க் ஒன்று வாங்குங்கள், ஆஸ்பத்திரிப் பைக்குள்ளும் அதுதான் முதல் சாமான். பைக்குள் கிளினிக் அட்டை, அடையாள அட்டை, கல்யாண சர்டிபிகேட் பிரதி மறக்கவேண்டாம், பிறப்பைப் பதியும்போது கேட்பார்கள். மற்றதெல்லாம் மிட்வைஃப் மிஸ் சொல்லுவார்.

வளைகாப்புப் பற்றி எழுதினால் வீட்டில் சண்டை வரும். 40,000. விட்டுவிடுகிறேன்.

அரசாங்க வேலையில் இருப்பவர்கள் இதையும் கேளுங்கள். பிரசவ லீவில் முதல் 84 வேலை நாள் முழுச் சம்பளம், சனி ஞாயிறு கழித்துக் கணக்குப் பார்த்தால் நாலு மாதம் வரும். அதற்குப் பிறகு எடுக்கிற 84 நாள் அரைச் சம்பளம், அதற்கும் பிறகு 84 நாள் சம்பளமே இல்லாமல். நான் அரைச் சம்பளம் என்றால் பாதிக் காசு கைக்கு வரும் என்றுதான் நினைத்தேன். கூரை மாற்ற எடுத்த லோன் பாதியாகுமா? அது முழுசாகத்தான் வெட்டுவார்கள். போன மாதம் கையில் வந்தது 4,310 ரூபா. சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. பிள்ளை பெறுகிற திகதியைக் கேட்டவுடன் அரைச் சம்பளம் எந்த மாதம் ஆரம்பிக்கும் என்று கலண்டரில் வட்டம் போடுங்கள், அந்த மூன்று மாதத்து லோன் தவணையையும் பிள்ளைச் செலவில் சேர்த்து எழுதுங்கள்.

அம்மாவிடம் இதைப் புலம்பினேன். "உனக்காவது வீட்டுல இருக்க முடியுதே" என்றார். அம்மா மாதிரித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்றாவது பிள்ளைக்கு அப்போது சட்டத்தில் 42 நாள் லீவுதான், 2018ல்தான் அதை மாற்றி எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆக்கினார்கள். 2001ல் தம்பி பிறந்து 43ஆம் நாள் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார், தம்பி, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில். பால் கட்டிக்கொண்டு சட்டை நனைய நனைய மேலேயிருந்து இறங்கி வருவாராம். அதற்குப் பிறகு 4,310 பற்றி அவரிடம் பேசவில்லை.

சரி, பண்டாரவளைத் தங்கச்சிக்கு வருகிறேன். அவளுக்கு டிசம்பரில் திகதி. இங்கே எங்களுக்கு அப்போது வெயில் எட்டிப் பார்க்கும், அவள் இருக்கிற ஊவாப் பக்கம்தான் வடகிழக்கு மழையில் நனையும். அதனால் லிஸ்ட்டுக்குப் பதிலாக 30 நெப்பியைத் துவைத்து அயன் பண்ணி மூட்டை கட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அனுப்புவேன். புகை வாடை இன்னும் லேசாக இருக்கிறது, சொல்லிவிட்டேன். அவள் நுளம்பு வலையையும் கேட்டாள், வீட்டுக்காரர் 2,800 ரூபாவுக்குப் புறக்கோட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாரே, குடை மாதிரி விரிகிற அது. எங்கள் பக்கம் குளிருக்கு நுளம்பு வருவதே அபூர்வம். கொடுத்துவிடலாம்தான், ஆனால் அத்தை அதை இப்போது முற்றத்தில் கோழிக்குஞ்சுகளுக்குக் கவிழ்த்து வைத்திருக்கிறார், காகம் வருகிறதாம், தரமாட்டேன் என்கிறார்.