சாப்பிட்ட பிறகு மட்டும் ஒழுகிய எச்சில்

எங்கள் பூனைக்குட்டி மிட்டுவுக்கு ஆறு மாதம் ஆனபோது, கூடப் பிறந்தவனில் பாதிதான் இருந்தாள். நன்றாகச் சாப்பிடுவாள், ஆனால் உடம்பில் ஒட்டாது. அது மட்டும் என்றால் சில குட்டிகளின் வாகே அப்படித்தான் என்று விட்டிருக்கலாம். அப்புறம் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. மோவாயும் நெஞ்சு முடியும் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். சில மணி நேரத்தில் தானாக நிற்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியாடுவாள்.

கால்நடை மருத்துவர் முதலில் வாயைத்தான் பார்த்தார். பல், ஈறு, அண்ணம், நாக்குக்கு அடியில் நூல் ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று எல்லாம். ஒன்றுமில்லை. அடுத்து விஷம் பற்றிக் கேட்டார். நாய்களுக்குப் போடும் உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறதா என்று அவர் கேட்ட காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதில் இருக்கும் பெர்மெத்ரின் நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனைக்கு நஞ்சு. எச்சில், நடுக்கம், வலிப்பு எல்லாம் வரும். எங்கள் வீட்டில் நாயும் இல்லை, அந்த மருந்தும் இல்லை. குமட்டலாக இருக்கலாம் என்று வாந்தியை அடக்கும் மருந்து தந்து அனுப்பினார்.

எச்சில் நிற்கவில்லை. போதாததற்குப் புதிதாக வேறு சில வந்தன. சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்பாள். கூப்பிட்டால் காது அசையும், ஆனால் திரும்ப மாட்டாள். நாற்காலிக் காலில் போய் முட்டிக்கொள்வாள், கண்ணே தெரியாதவள் போல. பிறகு ஒரு ராத்திரி வலிப்பு வந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆனால் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு நீளமான நிமிடம் என்று.

அதற்குப் பிறகு பரிசோதனைகள் வரிசையாக நடந்தன. பூனை ரத்தப்புற்று வைரஸ், பூனை எய்ட்ஸ் வைரஸ் இரண்டுக்கும் எடுத்த சோதனையில் இல்லை என்று வந்தது. டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் இல்லை. இளம் பூனைகளைத் தாக்கும் எஃப்ஐபி என்ற வைரஸ் நோய் மூளையையும் பாதிக்கலாம் என்பதால் அதன் பெயரும் அடிபட்டது. ஆனால் காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் குளோபுலின் புரதமும் ஏறவில்லை. உள்காது சரி. ஒவ்வொரு முறையும் ‘நார்மல்’ என்று கேட்கும்போது வயிற்றில் ஏதோ பிசையும். நோய் இல்லை என்றால் சந்தோஷப்படலாம். நோய் கண் முன்னால் இருக்கும்போது நார்மல் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? காரணமில்லாத வலிப்பு என்று முடிவு செய்து காலமெல்லாம் மருந்து கொடுக்கலாம் என்ற பேச்சும் வந்தது. அந்த மருத்துவர் நேர்மையானவர். “எனக்கு இன்னும் திருப்தியாக இல்லை, வேறு ஒருவரும் பார்க்கட்டும்” என்று பூனைகளையே அதிகம் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் அனுப்பினார். அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

புதிய மருத்துவரைப் பார்க்க நாள் இருந்ததால் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எப்போது சாப்பிட்டாள், எவ்வளவு, எப்போது எச்சில், எவ்வளவு நேரம், தூக்கம், மலம், சிறுநீர். விநோதமாக நடந்துகொள்ளும்போதெல்லாம் போனில் வீடியோ எடுத்தேன். ஒரு வாரம் ஆவதற்குள் தாளில் ஒன்று தெரிந்தது. எச்சிலும் தள்ளாட்டமும் பெரும்பாலும் சாப்பிட்டு ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் வந்தன. வயிறு காலியாக இருந்தபோது அவள் நன்றாகவே இருந்தாள்.

புதிய மருத்துவர் நோட்டை முழுக்கப் படித்தார், வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மிட்டுவின் முகத்தைத் தூக்கிப் பிடித்து, “கண் எப்போதுமே இந்த நிறமா?” என்று கேட்டார். எப்போதும் அந்தச் செம்பு நிறம்தான். அழகான கண் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். சில இனங்களுக்கு அது இயல்பு, ஆனால் இவளைப் போன்ற சாதாரணக் கலப்பினக் குட்டி, வளர்த்தி இல்லாமல், சாப்பிட்ட பிறகு எச்சில் ஒழுக்கிக்கொண்டு இருந்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும் என்றார். பழைய ரத்த அறிக்கையை மறுபடி எடுத்தார். யூரியா சற்றுக் குறைவு, சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் கண்டுகொள்ளாத எண்கள்.

அவர் சந்தேகப்பட்டது போர்ட்டோசிஸ்டமிக் ஷண்ட். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போய்ச் சுத்தமாக வேண்டும். புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல்தான் யூரியாவாக மாற்றுகிறது. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே ஒரு தவறான ரத்தக் குழாய் இருக்கும். ரத்தம் கல்லீரலைத் தொடாமல் அந்தக் குறுக்குவழியில் போய்விடும். அம்மோனியா மூளைக்கு ஏறும். சாப்பிட்ட பிறகு மோசமாவதும், சுவரில் தலையை அழுத்துவதும், பார்வை போய் வருவதும், யூரியா குறைவாக இருப்பதும் அதனால்தான். அவர் சொல்லி முடித்தபோது நோட்டில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் காரணம் கிடைத்திருந்தது.

உறுதி செய்யப் பித்த அமிலச் சோதனை. 12 மணி நேரம் பட்டினி போட்டு ஒரு முறை ரத்தம், பிறகு சாப்பிட வைத்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. சாப்பிட்டதும் குடலுக்கு வரும் பித்த அமிலங்களை நல்ல கல்லீரல் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதன் பிறகும் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 25 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டியது மிட்டுவுக்கு நூறைத் தாண்டியிருந்தது. அல்ட்ராசவுண்டில் குழாய் தெளிவாகத் தெரியவில்லை. குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுத்த சிடி ஸ்கேனில் தெரிந்தது. இரைப்பைப் பக்கத்து ரத்தக் குழாய் ஒன்று நேராகப் பெருஞ்சிரையில் போய்ச் சேர்ந்திருந்தது. சிடிக்கு மயக்கம் கொடுப்பதே இந்த நோயில் கவனமாகச் செய்ய வேண்டியது. மயக்க மருந்தை வெளியேற்ற வேண்டியதும் அதே கல்லீரல்தான். இதே சந்தேகம் உள்ள பூனைக்குக் கருத்தடை அறுவை செய்ய நாள் குறித்திருந்தால், அதற்கு முன் பித்த அமிலச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

உடனே அறுவை இல்லை. முதலில் அவளைத் தேற்ற வேண்டும். குடலில் அம்மோனியா உறிஞ்சப்படாமல் வெளியேற லாக்டுலோஸ் திரவம், அம்மோனியாவை உண்டாக்கும் குடல் பாக்டீரியாவைக் குறைக்க ஆன்டிபயாட்டிக், வலிப்புக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை லெவெடிராசிட்டாம். லாக்டுலோஸ் பிசுபிசுப்பான இனிப்பு, மிட்டு அதை வெறுத்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப் பழகினோம். சாப்பாட்டைச் சிறு பங்குகளாகப் பிரித்தோம். புரதத்தை ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். பூனை ஊனுண்ணி, அர்ஜினின் என்ற அமினோ அமிலம் உணவில் கிடைக்காவிட்டால் அம்மோனியா இன்னும் ஏறும். இணையத்தில் படித்துவிட்டுச் சோறும் காய்கறியும் மட்டும் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். சில நாட்களிலேயே எச்சில் நின்றது. அவள் விளையாட்டைப் பார்த்தபோது, இதுவரை எவ்வளவு மந்தமாக இருந்தாள் என்பது உறைத்தது.

அறுவை பற்றி முடிவெடுப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மருந்திலேயே நன்றாக இருக்கிறாளே, எதற்குக் கத்தி என்று மனம் சொன்னது. ஆனால் மருந்து அறிகுறியை அடக்குகிறதே தவிர, கல்லீரலுக்கு ரத்தம் போகவில்லை. மறுபக்கம், அறுவைக்குப் பிறகு பூனைகளுக்கு வலிப்பும் தற்காலிகப் பார்வையிழப்பும் வருவதுண்டு, சில பிழைப்பதில்லை. மருத்துவர் இதில் எதையும் மறைக்கவில்லை. குழாயை ஒரே நேரத்தில் கட்டினால் கல்லீரலால் அந்த ரத்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. அதனால் அமெராய்டு என்ற வளையத்தை மாட்டுவார்கள். அதன் உள்பக்கம் கேசின் என்ற பால் புரதம். அது உடலின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, சில வாரங்களில் குழாயை மெல்ல மூடிவிடும்.

செய்துவிடலாம் என்றோம். அறுவைக்கு மறுநாள் மிட்டுவுக்குக் கண் தெரியவில்லை. சொல்லி வைத்திருந்தும் அதைப் பார்த்தபோது கால் துவண்டது. வலிப்பு மருந்தைத் தொடர்ந்து, மருத்துவமனையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பார்வை மெதுவாகத் திரும்பியது. முதலில் வெளிச்சம், பிறகு கை அசைவு, பிறகு பொம்மையின் வால்.

இப்போது எடை ஏறிக்கொண்டிருக்கிறது, கூடப் பிறந்தவனை நன்றாகவே மிரட்டுகிறாள். மறுபடி எடுத்த பித்த அமிலச் சோதனையில் அளவு வெகுவாக இறங்கியிருக்கிறது, இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. லாக்டுலோஸை நிறுத்தியாகிவிட்டது. வலிப்பு மருந்தைக் குறைப்பதை அடுத்த சோதனைக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை நோட்டை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.