கேரம் அறையில் இ-ஸ்போர்ட்ஸ்

மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே ஒரு கல்லூரியில் மாணவர் விளையாட்டு, பொழுதுபோக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2023 தொடக்கத்தில் பழைய கேரம் அறையைக் கொடுத்து, இ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டிகள், ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

கையிலிருந்த பணத்துக்கு ஐந்து நல்ல கம்ப்யூட்டர் வரும். வாலரண்ட் என்கிற கம்ப்யூட்டர் கேமில் ஒரு டீமுக்கும் ஐந்து பேர்தான். கெட்டிக்காரர்களைப் பொறுக்கி, ஜெர்சி மாட்டி, வெளிப்போட்டிக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை. 2014ல் சிகாகோவின் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்கிற கேம் ஆடுகிறவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்ததையும் எடுத்துக் காட்டினார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. டீமில் இடம் கிடைக்காதவர்களுக்காகத்தானே எங்கள் பிரிவே இருக்கிறது? அமெரிக்காவில் இந்தத் துறைக்கான சங்கம் 1950ல் நியூ ஆர்லியன்ஸில், டில்லார்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கூடியவர்கள் 11 கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து வந்த 22 பேர். நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1961ல், இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில் தனிக் கல்லூரி வைத்த ஊர் இது. இங்கே உட்கார்ந்து அந்தச் சங்கத்தின் கதையைப் படிக்கும்போது, கதவை யாருக்குத் திறக்கிறோம் என்பது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதனால் இரண்டு கன்சோல், இரண்டு டிவி, நாற்காலிகள் என்று வாங்கினோம். இன்வெர்ட்டரை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அது என் தப்பு. அந்த வருடம் மின்வெட்டு சில நாள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம்.

முதல் வாரமே ஃபிஃபா என்கிற கால்பந்து கேமில் 2-1, 83வது நிமிடம். கரண்ட் போய்விட்டது. தோற்றுக்கொண்டிருந்த பையன் கண்ட்ரோலரைக் கீழே வைக்கவே இல்லை. இருட்டில் அதன் விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அணைந்தது. சரி, எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவன் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து, "அக்கா, துனி ஆடலாமா?" என்றான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது அக்கா, அண்ணா மாதிரி நாலைந்து வார்த்தைதான். துனி, டர்பன் இருக்கிற நேட்டால் பகுதி இந்தியர்கள் வீட்டில் ஆடும் சீட்டாட்டம். புள்ளிக் கணக்கில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. போன் டார்ச்சை டம்ளரில் நிறுத்தி ஆடினார்கள். கண்ட்ரோலரையே தொட்டிராத ஒரு பெண்ணும் உட்கார்ந்தாள். அவளுடைய ஜோடி ஒவ்வொரு கைக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

அடுத்த வாரம் எங்கள் கேம் போட்டிகளின் முறையை மாற்றினேன். தனி ஆள் போட்டி கிடையாது. நன்றாக ஆடுகிற ஒருவர், புதிதாக வந்த ஒருவர், பெயர்ச் சீட்டுக் குலுக்கி ஜோடி. ஜோடி மாறும்போது சண்டை குறைந்தது, பேச்சு கூடியது. நேரத்தையும் 2 மணி முதல் 5 மணி என்று வைத்தேன். இருட்டியபின் டாக்சி பிடித்து வீடு போவது இங்கே எல்லோருக்கும் சுலபமில்லை, பெண்களுக்கு இன்னும் கஷ்டம்.

இன்வெர்ட்டர் இப்போது இருக்கிறது. 2024 மார்ச்சுக்கு அப்புறம் மின்வெட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது. சீட்டுக்கட்டு மட்டும் டிவி மேசை டிராயரிலேயே இருக்கிறது. அந்தப் பெண்தான் இந்த வருடம் குலுக்கல் சீட்டு எழுதுகிறாள்.