நார்டிக் கம்பைன்ட்: தாவலின் புள்ளி ஓட்டத்தின் நொடியாகும் கணக்கு

1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கும் போட்டி இது. முதலில் பனிச்சறுக்குத் தாவல், பிறகு அதே நாளில் 10 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம்.

இரண்டையும் இணைப்பது குண்டர்சன் முறை: தாவலில் பின்தங்கிய புள்ளிகளுக்கு ஏற்ப ஓட்டத்தில் தாமதமாகக் கிளம்ப வேண்டும். 2022 பெய்ஜிங்கில் தனிநபர் போட்டிக்கு 15 புள்ளி ஒரு நிமிடம், அதாவது புள்ளிக்கு 4 நொடி. தாவலில் முதலிடம் பிடித்தவர் முதலில் கிளம்புவார். 30 புள்ளி பின்தங்கியவர் 2 நிமிடம் கழித்துத்தான். ஓட்டத்தின் முடிவுக் கோட்டை முதலில் தொடுபவருக்கே தங்கம். பெரிய மேட்டில் (தாவல் மேடுகளில் பெரிய வகை) தாவல் தூரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி; அப்படியானால் 10 மீட்டர் குறைந்தாலே 72 நொடி போச்சு!

சிக்கல் உடம்பில்தான். தாவலுக்கு எடை குறைவு வேண்டும், ஓட்டத்துக்கோ தசையும் மூச்சும் வேண்டும். சறுக்குப் பலகையும் வேறு வேறு: தாவலுக்கு அகலமும் நீளமும், ஓட்டத்துக்கு ஒல்லி, கூடவே இரண்டு கோல்.

தனியாக முன்னே ஓடுவது பார்க்க அழகு. ஆனால் காற்றை முழுக்க அவரே கிழிக்க வேண்டும். பின்னால் கூட்டமாக வருபவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்து சக்தியை மிச்சப்படுத்துவார்கள். பெய்ஜிங்கில் பெரிய மேட்டுத் தாவலில் முன்னணி பெற்ற நார்வே வீரர் யார்ல் மாக்னுஸ் ரீபர், ஓட்டத்தில் பாதை மாறித் திரும்பி அந்த நொடிகளை இழந்தார், 8ஆவதாக முடித்தார். தங்கம் யோர்கன் கிராபாக்குக்கு.