டயருக்குத் தண்ணீர் ஏற்றியாச்சு, கரிசலில் சறுக்கல் அடங்கியாச்சு

கோடை உழவில் ஒன்பது கொத்துக் கலப்பையைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் போதும், டிராக்டரின் பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். டீசலும் போகும், டயர் பட்டையும் தேயும். அந்தத் தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. பின் டயர் இரண்டிலும் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றிவிட்டேன். 13.6-28 அளவு டயர் ஒன்றுக்குச் சுமார் 175 லிட்டர் பிடிக்கும். டயர் மண்ணைப் பிடிக்க, காசு கொடுத்து இரும்பு எடை வாங்காமலே 350 கிலோ ஏறிவிட்டது.

ஜாக்கி போட்டு வால்வை உச்சிக்குக் கொண்டுவருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உயிரை எடுப்பது உள்ளே இருக்கும் காற்று. மாடித் தொட்டியிலிருந்து ஓஸ் மாட்டினால் கொஞ்ச நேரம் இறங்கும், பிறகு காற்று அமுங்கி நின்றுவிடும். ஓஸைப் பிடுங்கிக் காற்றை விட்டு மறுபடி மாட்ட வேண்டும். ஒரு டயருக்கே அரை நாள் போய்விடும். இதற்கென்றே காற்றுப்போக்கி வைத்த அடாப்டர் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்து ஸ்பேர் கடைகளில் அதைக் கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

லேத்துப் பட்டறையில் பித்தளையில் 'T' வடிவத்தில் மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பு கடைந்து வாங்கினேன். ஒரு வாய் வால்வுக்கு, பக்கவாட்டு வாய் ஓஸுக்கு. நேர்வாய் வழியாகச் சொட்டுநீர் மைக்ரோ டியூப்பை நுழைத்து, ரிம்மைத் தாண்டி மேலே ஏறும்படி விட்டேன். தண்ணீர் ஏற ஏற, மைக்ரோ டியூப் முனையில் காற்று புஸ்ஸென்று விடாமல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் காற்று நின்று தண்ணீர் தெறித்தது. ஓஸைக் கழற்றினால் வால்வு மட்டத்துக்கு மேலே உள்ளது வழிந்துவிடும், மிச்சம்தான் முக்கால் பங்கு. முழுக்க நிரப்பவே கூடாது, மேலே காற்று இல்லாவிட்டால் டயர் கல்லாகிவிடும். அந்தக் காற்றும் கொஞ்சம்தான் என்பதால் சின்னக் கசிவுக்கே அழுத்தம் சட்டென்று இறங்கும், அடிக்கடி பார்க்க வேண்டும். வால்வை உச்சியில் வைத்துப் பார்த்தால் அழுத்தம் பார்க்கும் கேஜில் தண்ணீர் ஏறாது.

குளிர் நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கரைப்பார்கள். அது ரிம்மை அரிக்கும். நமக்கு வெறும் தண்ணீர் போதும். போர் தண்ணீர் உப்பு என்பதால் நான் மழைத் தண்ணீர் விட்டேன்.

டயரில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்தேன். கலப்பையைத் தூக்கிக்கொண்டு 10 சுற்றுக்கு 39 மீட்டர். மண்ணில் இறக்கினால் முன்பு 31 மீட்டர்தான், இப்போது 34. சறுக்கல் 20 சதவீதத்திலிருந்து 13-க்கு வந்துவிட்டது. உழவுக்கு 10 முதல் 15 வரை இருந்தால் நல்லது.

கண்மாய் வயலில் சேற்று உழவுக்கு இறங்கும் முன் தண்ணீரை வடித்துவிடுவேன். சேற்றுக்குப் பூட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலோடு இந்த எடையும் சேர்ந்தால் வண்டி புதையும். அதற்குள் முன் பம்பருக்கு எடைத் தட்டு தேட வேண்டும். சட்டிக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது முன்பக்கம் இன்னும் தூக்குகிறது.