இன்டெல் குலத்தின் உண்மையான பாட்டன்

இன்றைய மடிக்கணினிச் சில்லுகளுக்கெல்லாம் மூதாதை இன்டெல் 4004 என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். 1971-இல் கடைக்கு வந்த அந்தச் சில்லுக்குத் தனிப் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்86 எனப்படும் இன்டெல் சில்லுக் குலத்தின் நேர்வழி டெக்சாஸின் சான் அன்டோனியோவில் தொடங்குகிறது.

அங்கிருந்த கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன், திரையும் விசைப்பலகையும் கொண்ட தனது டேட்டாபாயிண்ட் 2200 முனையத்துக்கென வகுத்த கட்டளைத் தொகுப்பை (அது புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளை) ஒரே சில்லில் அடக்கித் தரும்படி இன்டெலைக் கேட்டது. சில்லு தாமதமாயிற்று, வேகமும் போதவில்லை. வேண்டாம் என்றுவிட்டார்கள் (என்ன சொல்ல!). இன்டெல் அதையே 1972-இல் 8008 என்று விற்றது. அதன் வழியில் 8080, 8086, பிறகு 1981-இல் ஐபிஎம் பிசிக்குள் 8088.

2200-இன் நினைவகத்திலிருந்து பிட்டுகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். கூட்டும்போது கையில் நிற்கும் எண்ணை அடுத்த இலக்கத்துக்கு ஏற்ற வேண்டுமானால், சிறிய இலக்கம் முதலில் வர வேண்டும். ஆகவே எண்ணின் கீழ்நிலை பைட்டை முன்னால் வைத்தார்கள். அந்த நினைவகம் எப்போதோ ஒழிந்துவிட்டது; எக்ஸ்86 சில்லுகள் இன்றும் எண்களை அதே வரிசையில்தான் சேமிக்கின்றன. முனையத்துக்குத் தேவைப்பட்ட பாரிட்டி சோதனையும்கூட (பைட்டில் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பது) இன்னும் அவற்றுக்குள் இருக்கிறது.