தாமதமாக வந்த தண்ணீர்

மத்தூர், ஊத்தங்கரை தாண்டி அனுமன்தீர்த்தம் சேரும்போதே மணி பத்தரை. தம்பியின் பழைய பைக் மேட்டில் முனகும். பின்னால் உட்கார்ந்து நானும் முனகிக்கொண்டுதான் வந்தேன். தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் தென்பெண்ணைக் கரையில் இங்கே முதலில் குளித்துவிட்டு, அப்புறம்தான் மலையேற வேண்டும் என்பது வழக்கம்.

"நேரமில்லடா, நடை சாத்திருவாங்க" என்றேன்.

"நீ உக்காருண்ணா, ஒரே முழுக்கு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதற்குள் அவன் உட்கார்ந்து, படுத்து, எப்படியோ முழுகி எழுந்தான். நான் கரையில் நின்று செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராவணவதம் முடிந்து திரும்பும் வழியில் ராமர் தீர்த்தமலையில் சிவபூஜை செய்ய நினைக்கிறார். காசியிலிருந்து கங்கைத் தண்ணீரும் பூவும் கொண்டுவர அனுமனை அனுப்புகிறார். அனுமன் வரக் காணோம், பூஜை நேரம் தப்புகிறது. ராமர் பாறையில் அம்பு விட, தண்ணீர் கொட்டுகிறது. பூஜை முடிந்த பிறகு வந்து சேர்ந்த அனுமன், வேண்டாமல் போன தண்ணீரைத் தூக்கி வீசுகிறார். அது விழுந்த இடம்தான் இந்த ஆற்றங்கரை.

சின்ன வயதில் நான் எப்போதும் ராமர் கட்சி. காலத்தில் செய்ய வேண்டியதைக் காலத்தில் செய்துவிட்டார், அதிலென்ன தப்பு? இப்போதும் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் எட்டு வருஷமாக அந்தக் கதையில் நான் பார்ப்பது அம்பை அல்ல. காசியிலிருந்து அவ்வளவு தூரம் சுமந்து வந்தவன், ஈரமாகக் கிடக்கும் பூஜை இடத்தைப் பார்த்து நின்றானே, அந்த நிமிஷத்தை.

அப்பா இறந்த அன்று தம்பி பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். கிளம்பிவிட்டேன் என்றான், ஓசூர் வருவதற்குள்ளேயே மூன்று மணி நேரம் போய்விட்டது. பொழுது சாய்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். மூத்தவன் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். எடுத்துடலாம் என்றேன். அவன் சுடுகாட்டுக்கு வந்தபோது கட்டை எரிந்துகொண்டிருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு வேலிக்கருவேல மரத்தில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

தீர்த்தமலை அடிவாரத்தில் வண்டியை விட்டதும் நான் விறுவிறுவென்று ஏறினேன். அவனுக்கு முழங்கால் வலி. "நீ போண்ணா, வந்துடறேன்" என்றான். பை வைத்திருந்தால் குரங்குகள் விடாது. எனக்கு முன்னால் போன அம்மாவின் தேங்காய்ப்பழப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஒன்று ஓடியது. அந்த அம்மா திட்டவில்லை. "அவரு பங்கு போயிடுச்சு" என்று சிரித்துவிட்டு ஏறினார். எனக்கு அந்த மனசு வராது.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது ஔவை நினைவுக்கு வந்தாள். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. தகடூர் என்றால் எல்லோரும் நெல்லிக்கனியைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றின் 101-ஆம் பாட்டு. அதியமானின் பரிசில் சீக்கிரம் வரலாம், நாளாகியும் வரலாம். ஆனால் யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட கவளம் மாதிரி அது கைக்கு வந்ததுதான், மனமே வருந்தாதே என்கிறாள். காத்திருக்கத் தெரிந்தவள். எனக்கு ஒரு டீ வர ஐந்து நிமிஷமானாலே கோபம் வருகிறது.

தீர்த்தகிரீஸ்வரரையும் வடிவாம்பிகையையும் கண்குளிரத் தரிசித்தேன். நடை திறந்தே இருந்தது. அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது. மலையில் அகத்தியர், கௌரி, குமாரர், அக்னி என்று பல பெயர்களில் தீர்த்தங்கள் உண்டு. கூட்டம் நிற்பதென்னவோ ராமர் தீர்த்தத்தில்தான். உயரமான பாறையிலிருந்து விழும் தண்ணீர் அன்று தாரையாக இல்லை. காற்றில் சிதறி இங்கே நாலு துளி, அங்கே நாலு துளி. நான் நின்ற இடத்தில் விழவில்லை என்று இரண்டடி நகர்ந்தேன். விட்டு வந்த இடத்தில் சடசடவென்று விழுந்தது. அங்கே ஓடினேன், நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பாட்டி நகராமல் நின்று தொப்பலாக நனைந்திருந்தார்.

அரை மணி கழித்துத் தம்பி வந்தான். சட்டைக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தான். குரங்குக்குப் பயந்து. எடுத்தால் இரண்டு லிட்டர் பாட்டில், நிறையத் தண்ணீர், அடியில் கொஞ்சம் ஆற்று மணல்.

"இங்கதான் மலையே தண்ணியா ஊத்துதே, எதுக்குடா இந்தக் காலோட இதைத் தூக்கிட்டு வந்தே?"

"அங்க முழுகாம வந்துட்டியேண்ணா. குனி."

குனிந்தேன். வெயிலில் வந்த தண்ணீர், வெதுவெதுவென்று இருந்தது. பாட்டில் காலியாகும்வரை ஊற்றினான்.